பரிசு பெறும் வரிக்கோழி: பார்டு பிளைமவுத் ராக் கோழியை நிறத்துக்கும் தரத்துக்கும் வளர்த்தெடுக்க முழுமையான வழிகாட்டி

கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய சேவலையும் முதல் பரிசு வாங்கிய பெட்டையையும் சோடி சேர்த்தால் பரிசு வாங்கும் குஞ்சுகள் வரும் என்றுதான் யாருக்கும் தோன்றும். பார்டு பிளைமவுத் ராக் இனத்தில் பெரும்பாலும் அப்படி வராது. சேவல் குஞ்சுகள் அப்பனைவிட வெளுத்திருக்கும், பெட்டைக் குஞ்சுகள் தாயைவிடக் கறுத்திருக்கும். தீனியிலோ பராமரிப்பிலோ குறை ஒன்றும் இருக்காது. மரபணுக் கணக்குப்படி அவை சரியாகவே வந்திருக்கின்றன. அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு சோடி சேர்க்கத் தொடங்கினால், இந்தக் கோழி வளர்ப்பு வேறு தளத்துக்குப் போய்விடும்.

கறுப்பும் சாம்பல் கலந்த வெள்ளையும் மாறி மாறி வரியோடும் இந்த அமெரிக்கக் கோழியை டி. ஏ. அப்ஹாம் என்பவர் 1869-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் காட்சிக்கு வைத்தார். கோழி வளர்ப்போர் சங்கமான அமெரிக்கன் பவுல்ட்ரி அசோசியேஷன் 1873-ல் தொடங்கி, ஒவ்வோர் இனமும் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் தன் முதல் தர விதி நூலை 1874-ல் வெளியிட்டபோதே இந்த இனம் அதில் இடம்பெற்றது. நியூயார்க் மாநிலத்தின் அமீனியாவில் இ. பி. தாம்ப்சன் வளர்த்த ‘ரிங்லெட்’ வம்சம் ஒரு காலத்தில் அமெரிக்கா முழுக்கப் பேர்போனது. நமக்கும் இந்த இனத்தோடு ஒரு தொடர்பு உண்டு. இதன் வெள்ளை ரகத்திலிருந்து வந்த தாய்வழிதான் இன்றைய பிராய்லர் கோழிகளில் ஓடுகிறது. பல்லடத்துப் பண்ணைக் கொட்டகைகளில் வளரும் கறிக்கோழிக்கு இது தூரத்துப் பாட்டி முறை.

முதல் படி: உடம்பைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

புதிதாக வருபவர்கள் நேராக வரிகளைப் பார்க்கப் போவார்கள். நடுவர் அப்படிப் பார்க்க மாட்டார். கூண்டிலிருந்து நாலடி தள்ளி நின்று முதலில் உருவத்தைத்தான் பார்ப்பார்.

தர விதிப்படி வளர்ந்த சேவலின் எடை ஒன்பதரை பவுண்டு, அதாவது சுமார் 4.3 கிலோ. பெட்டை ஏழரை பவுண்டு, சுமார் 3.4 கிலோ. ஒரு வயது நிரம்பாத இளஞ்சேவலுக்கு 8 பவுண்டு, அதே வயதுப் பெட்டையான வெடைக்கோழிக்கு 6 பவுண்டு. உடம்பு நீளமாகவும் அகலமாகவும் ஆழமாகவும் இருக்க வேண்டும். முதுகு தோளில் இருக்கும் அகலத்தை வால் வரை இழக்காமல், மெல்ல வளைந்து வாலோடு சேர வேண்டும். வால், சேவலுக்குக் கிடைமட்டத்திலிருந்து 30 பாகையும் பெட்டைக்கு 20 பாகையும் உயர்ந்திருக்க வேண்டும். கொண்டை ஒற்றைக் கொண்டை, ஐந்து முனை, நடு மூன்றும் பெரிது. காதுமடல் சிவப்பு, கண் செம்பழுப்பு, அலகும் காலும் மஞ்சள்.

இந்த உடம்பை உருவாக்குவதுதான் உண்மையில் கடினம். அகலமும் முதுகுக் கோடும் பல மரபணுக்களின் கூட்டு வேலை. அவற்றை ஒரு தலைமுறையில் தொலைத்துவிடலாம், திரும்பப் பிடிக்கப் பல தலைமுறை ஆகும். வரி நன்றாக இருந்தும் முதுகு குறுகிய சேவலைவிட, உடம்பு பிரமாதமாக இருந்து வரி சுமாரான சேவலையே நான் வளர்ப்புக்கு வைத்துக்கொள்வேன். மெலிந்த பறவையை அளவு மீறிய அன்பால் ‘நிறத்துக்காக’ வைத்துக்கொள்பவர்கள் மூன்றாம் ஆண்டில் நாட்டுக்கோழி உடம்பில் அழகான வரிகளோடு நிற்பார்கள்.

இரண்டாம் படி: வரியைப் படிப்பது

ஓர் இறகைப் பிடுங்கி வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கருவரியும் வெள்வரியும் குறுக்கே நேராக, ஒன்றுக்கொன்று இணையாக, எல்லை கூர்மையாக இருக்க வேண்டும். வரிகள் நுனியில் மட்டும் இருந்தால் போதாது, தோலை ஒட்டிய பஞ்சு வரை இறங்க வேண்டும். ஒவ்வோர் இறகும் ஒரு மெல்லிய கரு நுனியில் முடிய வேண்டும். கழுத்து இறகு சிறிது, வரியும் அதற்கேற்பக் குறுகலாக இருக்கும். வால் இறகில் வரி அகலமாகும். இந்த விகிதம் சரியாக இருந்தால்தான் தள்ளி நின்று பார்க்கும்போது கோழி முழுவதும் ஒரே நீலச் சாயலில் தெரியும்.

குற்றங்கள் எவை? வரி வளைந்து ‘வி’ வடிவில் இறங்குவது, குறிப்பாகச் சேவலின் கழுத்திலும் பின்முதுகிலும். கரு வரியில் பழுப்பு ஏறுவது. வெள்வரி புகைபடிந்தாற்போல மங்குவது. இறக்கையில் முழுக் கறுப்பாக ஓர் இறகு முளைப்பது. சிவப்போ மஞ்சளோ எங்காவது எட்டிப் பார்ப்பது இவை எல்லாவற்றையும்விட மோசம்.

மூன்றாம் படி: மரபணுக் கணக்கு

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம், ஏனென்றால் மற்ற எல்லா முடிவும் இதிலிருந்துதான் வருகிறது.

வரியை உண்டாக்கும் மரபணு, ஆண் பெண் என்று தீர்மானிக்கும் குரோமோசோம்களில் ஒன்றான இசட் குரோமோசோமில் இருக்கிறது. இறகு வளரும்போது நிறமணுக்களை விட்டுவிட்டு ஓயவைப்பது அதன் வேலை. நிறமணுக்கள் வேலை செய்யும் நேரத்தில் கருவரி, அவை ஓயும் நேரத்தில் வெள்வரி. பறவைகளில் ஆணுக்கு இரண்டு இசட், பெண்ணுக்கு ஓர் இசட், ஒரு டபிள்யூ. ஆகவே தூய சேவலிடம் வரி மரபணு இரண்டு இருக்கும், பெட்டையிடம் ஒன்றுதான் இருக்க முடியும். இரண்டு இருந்தால் வெள்வரி அகலமாகிறது. அதனால் இயல்பிலேயே சேவல் வெளுப்பு, பெட்டை கறுப்பு.

ஆனால் தர விதி இரண்டும் ஒரே சாயலில் இருக்க வேண்டும் என்கிறது. இயற்கை கொடுக்காததை விதி கேட்பதால்தான் இந்த இனத்தில், கண்காட்சிச் சேவலுக்கு ஒரு சோடி, கண்காட்சிப் பெட்டைக்கு வேறு சோடி என்ற ‘இரட்டைச் சோடி முறை’ வந்தது.

இன்னொரு விஷயம் பலர் கவனிக்காதது. தாயின் ஒரே இசட் மகன்களுக்கு மட்டும்தான் போகும். மகள்களுக்கு இசட் வருவது அப்பனிடமிருந்து மட்டும். அதாவது ஒரு வெடைக்கோழியின் வரி மரபணு முழுக்க அப்பன் கொடுத்தது. சாயலைக் கூட்டிக் குறைக்கும் வேறு மரபணுக்கள் இரண்டு பக்கமிருந்தும் வருகின்றன, அது தனி. இறகு மெதுவாக முளைக்கவைக்கும் மரபணுவும் இதே இசட் குரோமோசோமில்தான் இருக்கிறது. மெதுவாக முளைக்கும் இறகில்தான் வரி குறுகலாகவும் கூர்மையாகவும் விழும். வேகமாக இறகு வளரும் கோழியில் வரி அகன்று, ஓரம் கலங்கிப்போகும். கண்காட்சித் தர பார்டு ராக் குஞ்சுகள் ஆறு, ஏழு வாரத்தில் அரைகுறை இறகோடு பரிதாபமாகத் திரிவதைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். அதுதான் நல்ல அறிகுறி.

நான்காம் படி: இரண்டு வழி, இரண்டு கூண்டு

*சேவல் வழி.* இங்கே குறிக்கோள் கண்காட்சிச் சேவல் மட்டும். இரண்டு வரி மரபணு இருந்தும் சரியான சாயலில் நிற்கும் அளவுக்கு அடர் நிறம் கொண்ட சேவலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதே வழியில் பிறந்த பெட்டைகள் மிகக் கறுப்பாக இருக்கும், சிலவற்றின் காலில்கூடக் கருநிறம் படியும். கண்காட்சியில் வைத்தால் ஒன்றும் தேறாது. ஆனால் அந்தக் கறுத்த பெட்டைகள்தான் பரிசுச் சேவலின் தாய்மார். கறுப்பிலும் வரி நேராக, குறுகலாக இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

*பெட்டை வழி.* இங்கே குறிக்கோள் கண்காட்சிப் பெட்டை. பரிசுத் தரத்தில் இருக்கும் பெட்டைகளை, அவற்றின் சொந்த வழியில் பிறந்த வெளுத்த சேவலோடு சேர்க்க வேண்டும். அந்தச் சேவல் கூண்டில் நின்றால் நடுவர் திரும்பிப் பார்க்க மாட்டார். அதன் மதிப்பு அதன் அம்மாவிலும் அக்கா தங்கைகளிலும் இருக்கிறது. சேவலை வாங்கப் போனால் அதைப் பார்ப்பதைவிட அதன் உடன்பிறந்த பெட்டைகளை அதிக நேரம் பாருங்கள்.

இரண்டு வழியையும் கலக்காதீர்கள். கலந்தால் நான் தொடக்கத்தில் சொன்ன விளைவுதான்: வெளுத்த சேவல், கறுத்த பெட்டை.

இரண்டையும் வைத்துக்கொள்ள இடம் இல்லாதவர்கள் பெட்டை வழியை எடுப்பது நல்லது என்பது என் கருத்து. ஒரு நல்ல சேவலோடு நாலைந்து பெட்டைகள் இருந்தால் கூண்டு ஆயிற்று. முட்டையும் கிடைக்கும், பரிசுக்குரிய பறவைகளே தாய்க்கோழிகளாகவும் இருப்பதால் ஒவ்வோர் ஆண்டும் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். ஒரே கூண்டில் இரு பாலையும் சரியாகக் கொண்டுவர முயல்பவர்களும் உண்டு. முடியாதது என்று சொல்ல மாட்டேன், ஆனால் இரு பக்கமும் சமரசம் செய்ய வேண்டியிருக்கும்.

ஐந்தாம் படி: வாங்கும்போது ஏமாறாமல் இருக்க

பொரிப்பகங்கள் விற்கும் பார்டு ராக் முட்டைக்காகத் தேர்வு செய்யப்பட்டது. நல்ல கோழிதான், ஆனால் கண்காட்சிக்கு ஆகாது. ஒரே வம்சத்தைப் பல ஆண்டுகளாக வைத்திருப்பவரிடம் வாங்குங்கள். பல இடங்களில் இருந்து ‘சிறந்த’ பறவைகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்ப்பது மிகப் பெரிய வீண் செலவு.

சரியான சாயலில் ஒரு சேவல் மலிவாகக் கிடைத்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: இதன் வழியில் கறுப்புக் கோழி கலந்திருக்கிறதா? கறுப்புச் சேவலுக்கும் வரிப் பெட்டைக்கும் பிறந்த சேவலிடம் வரி மரபணு ஒன்றுதான் இருக்கும். ஒன்றே இருப்பதால் அது பெட்டையைப்போல அடர்ந்த சாயலில், விதி கேட்கும் நிறத்துக்கு நெருக்கமாகவே தெரியும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது சிரமம். அதன் மகள்களில் ஏறக்குறையப் பாதி, வரியே இல்லாத முழுக் கறுப்பாக வரும்போதுதான் குட்டு வெளிப்படும். சந்தேகம் இருந்தால் சில குஞ்சுகள் பொரித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பொரித்த முதல் நாளிலேயே தெரிந்துகொள்ளக் கூடியவை இரண்டு உண்டு. குஞ்சு கறுப்புத் தூவியோடு, தலையில் வெள்ளைப் புள்ளியோடு பிறக்கும். புள்ளி பெரிதாகக் கலைந்திருந்தால் சேவல், சிறிதாகச் செறிந்திருந்து காலும் கறுத்திருந்தால் பெட்டை. அப்புறம் இறக்கையை விரித்துப் பாருங்கள். முதல் வரிசை இறகு முனைகள் மேலே மூடும் இறகுகளைவிட நன்றாக நீண்டிருந்தால் அது வேகமாக இறகு முளைக்கும் குஞ்சு. இரண்டும் ஒரே நீளமாகவோ, மூடும் இறகு நீளமாகவோ இருந்தால் நமக்கு வேண்டிய மெதுவான வகை. இந்தச் சோதனையை ஓரிரு நாளுக்குள் செய்துவிட வேண்டும், பிறகு தெளிவாக இருக்காது.

ஆறாம் படி: சோடி சேர்ப்பு, பொரிப்பு, அடையாளம்

புதிய சேவலை விட்டதும் முட்டையைப் பொறுக்க ஆரம்பிக்காதீர்கள். முந்தைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு, மூன்று வாரம் உயிரோடு இருக்கும். பழைய சேவலைப் பிரித்து மூன்று வாரம் கழித்து எடுக்கும் முட்டைதான் நம்பகமானது. எடுத்த முட்டையை ஒரு வாரம், அதிகம் போனால் பத்து நாளுக்குள் அடை வைத்துவிடுங்கள். காற்றோட்ட விசிறி உள்ள இன்குபேட்டரில் 37.5 டிகிரி செல்சியஸ், 21 நாள்.

அமெரிக்காவில் பெரிய கண்காட்சிகள் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் வரும். இந்தப் பெரிய உடம்புக் கோழி முழு உருவம் பெற ஏழு முதல் ஒன்பது மாதம் எடுத்துக்கொள்ளும். ஆகவே பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பொரித்தவையே கண்காட்சி நேரத்தில் தயாராக நிற்கும். ஜூனில் பொரித்தவை அடுத்த ஆண்டுக்குத்தான்.

எந்தக் குஞ்சு எந்தச் சோடியில் பிறந்தது என்று தெரியாவிட்டால் இத்தனை கணக்கும் வீண். பொரித்த அன்றே கால்விரல்களுக்கு இடையிலுள்ள சவ்வில் சிறு துளையிடுவது பழைய வழக்கம். ஒரு காலுக்கு இரண்டு சவ்வு, மொத்தம் நான்கு. துளை உண்டு, இல்லை என்று 16 விதமான அடையாளம் கிடைக்கும். ஒரு சிறு வளர்ப்பாளருக்கு அது தாராளம். துளை மூடிவிடாமல் இருக்கிறதா என்று ஒரு வாரம் கழித்து ஒரு முறை பாருங்கள்.

உறவுக்குள் சோடி சேர்ப்பதைத் தவிர்க்க முடியாது. ஒரு வம்சத்தின் சாயல் நிலைப்பதே அதனால்தான். ஆனால் உடன்பிறந்தவற்றைச் சேர்த்தால் குஞ்சின் உறவுக்கலப்பு 25 விழுக்காடு, அப்பன் மகளைச் சேர்த்தாலும் அதே அளவு. அப்பன் மட்டும் ஒன்றாக, தாய் வேறாக உள்ளவற்றைச் சேர்த்தால் 12.5. மூன்று குடும்பங்களாகப் பிரித்து, பெட்டைகளை அந்தந்தக் குடும்பத்திலேயே வைத்து, சேவலை மட்டும் ஒவ்வோர் ஆண்டும் பக்கத்துக் குடும்பத்துக்கு மாற்றும் முறை நீண்ட காலம் தாங்கும். பொரிக்கும் விகிதம் குறைவதும் குஞ்சுகள் சோர்ந்திருப்பதும் உறவுக்கலப்பு அதிகமாகிறது என்பதற்கான முதல் எச்சரிக்கை.

ஏழாம் படி: கழித்தல்

பிறந்ததும் கால், அலகு கோணலானவை போகும். எட்டு வாரத்தில் கொண்டையைப் பாருங்கள். பக்கவாட்டில் சிறு முனை முளைத்திருந்தால் அது தகுதி நீக்கக் குற்றம், வளர்ந்தால் சரியாகாது. காலில் சிறு தூவியோ குச்சிறகோ இருந்தாலும் அப்படித்தான். நான்கு மாதத்தில் கையில் தூக்கி, மார்பெலும்பு நேராக இருக்கிறதா, முதுகில் கை வைத்தால் அகலம் தெரிகிறதா என்று பாருங்கள். நிறத்தை வைத்துக் கழிப்பதை ஐந்து மாதம் வரை தள்ளிப் போடுங்கள். குஞ்சு இறகின் வரி கலங்கலாகவே இருக்கும், பெரிய இறகு வந்த பிறகுதான் உண்மை தெரியும். அந்த நேரம் வந்தபின் இரக்கம் பார்க்காதீர்கள். கழித்தவை வீட்டு முட்டைக்கும் சமையலுக்கும் ஆகும், அவை வீணில்லை.

எட்டாம் படி: இறகை வளர்ப்பது

இறகின் பெரும்பகுதி புரதம். குஞ்சுக்கு 20 விழுக்காடு புரதமுள்ள தீனி, வளரும்போது 16 முதல் 18, இறகு உதிர்த்து முளைக்கும் காலத்தில் மறுபடியும் 18 முதல் 20. இறகு வளரும் நாட்களில் கோழி ஒரு நாள் பட்டினி கிடந்தாலோ காய்ச்சலில் விழுந்தாலோ, அந்த நாள் இறகின் குறுக்கே மெலிந்த கோடாகப் பதிந்துவிடும். வரிக்கோழியில் அது இன்னும் பளிச்சென்று தெரியும்.

வெயில் இன்னொரு எதிரி. கடும் வெயிலில் வெள்வரி பித்தளைச் சாயல் ஏறும், சேவலின் முதுகிலும் இறக்கை மேலும் முதலில் தெரியும். கண்காட்சிக்குத் தேர்ந்தெடுத்தவற்றுக்கு மர நிழல் கட்டாயம். சேவல்களைத் தனியாகப் பிரித்துவிடுங்கள், பெட்டைகளின் முதுகு இறகைச் சேவல் மிதித்துக் கெடுக்காமல் இருக்கவும் அதுவே வழி. ஒடிந்த இறகு அடுத்த உதிர்ப்பு வரை அப்படியேதான் இருக்கும்.

ஒன்பதாம் படி: கண்காட்சிக்கு முன்

இரண்டு வாரம் முன்பே கண்காட்சிக் கூண்டு போன்ற சிறு கூண்டில் பழக்குங்கள். தினமும் தூக்கி, இறக்கையை விரித்து, மறுபடி மெதுவாக இறக்கி விடுங்கள். பயந்து மூலையில் ஒடுங்கும் கோழியின் முதுகுக் கோட்டை எந்த நடுவராலும் பார்க்க முடியாது.

குளியல், மூன்று நான்கு நாள் முன்பு. மூன்று தொட்டி வெதுவெதுப்பான நீர்: முதலாவதில் மென்மையான சோப்பு, இரண்டாவதில் கொஞ்சம் வினிகர், மூன்றாவதில் வெறும் நீர். இறகின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். காற்றுப் படாத சூடான அறையில் முழுக்க உலர்த்துங்கள். குளித்தவுடன் இறகின் எண்ணெய் போயிருக்கும், கோழி தானே கோதிக்கோதித் திரும்பப் பளபளப்பாக்க இந்த நாட்கள் வேண்டும். கால் செதில்களுக்கு இடையே அழுக்கை மரக்குச்சியால் எடுத்துவிட்டு, கொண்டைக்கும் காலுக்கும் துளி எண்ணெய் தடவுங்கள். பேன், செள் இருந்தால் எல்லா உழைப்பும் போச்சு. இறகுக்குச் சாயம் பூசுவதும் தடயமில்லாமல் வெட்டுவதும் மோசடி, பிடிபட்டால் தகுதி நீக்கம்.

அமெரிக்கக் கண்காட்சிகளில் நுழைய, புல்லோரம் (pullorum) என்ற பாக்டீரியா நோய் இல்லை என்ற சான்று கேட்பார்கள். 1935-ல் தொடங்கிய தேசிய கோழி மேம்பாட்டுத் திட்டத்தின் சோதனை அது. பறவைக் காய்ச்சல் பரவிய 2015, 2022 போன்ற ஆண்டுகளில் பல மாநிலங்கள் கண்காட்சிகளையே நிறுத்தின. எனவே புறப்படுவதற்கு முன் மாநில அறிவிப்பைப் பாருங்கள்.

பத்தாம் படி: நடுவரின் கண்ணோடு பார்ப்பது

சேவல், பெட்டை, இளஞ்சேவல், வெடைக்கோழி என்று நான்கு பிரிவாக வைத்து, ஒவ்வொன்றிலும் பறவைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தீர்ப்பளிப்பதுதான் இன்றைய வழக்கம். ஒவ்வொரு பறவைக்கும் 100 மதிப்பெண்ணிலிருந்து குறைக்குத் தக்கபடி கழிக்கும் பழைய அட்டை முறையை வீட்டில் செய்து பார்ப்பது நல்ல பயிற்சி.

நடுவர் செய்வதை வரிசையாகச் செய்யுங்கள். தள்ளி நின்று உருவம். அடுத்து தகுதி நீக்கக் குற்றங்கள்: கோணல் வால், பக்கக் கொண்டை முனை, கோணல் அலகு, பிளந்த இறக்கை (இறகு வரிசைகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தது), காலில் தூவி, காதுமடலில் தெளிவாகத் தெரியும் வெள்ளை. பிறகு தூக்கி எடை, மார்பெலும்பு, உடல் நிலை. அப்புறம்தான் நிறம். கழுத்து இறகைப் புரட்டி அடி வரை வரி இருக்கிறதா, முதுகில் பஞ்சுவரை இருக்கிறதா, இறக்கையை விரித்தால் முதல் வரிசையிலும் இரண்டாம் வரிசையிலும் வரி ஒழுங்காக ஓடுகிறதா, வாலில் அரிவாள்போல வளைந்த இறகில் வரி தெளிவா என்று பார்ப்பார். கடைசியாகக் கூண்டில் விட்டு, கழுத்து, முதுகு, இறக்கை, வால் எல்லாம் ஒரே சாயலா என்று மறுபடி தள்ளி நின்று பார்ப்பார்.

பெட்டையின் காலில் மஞ்சள் வெளுத்திருந்தால் அவசரப்பட்டுக் குறை சொல்ல வேண்டாம். தொடர்ந்து முட்டையிடும் கோழியின் மஞ்சள் நிறமி முட்டையின் மஞ்சள் கருவுக்குப் போய்விடும். அனுபவமுள்ள நடுவர்கள் அதைக் குற்றமாக எடுப்பதில்லை. நடுவரோடு வாதாடாதீர்கள், ஆனால் தீர்ப்பு முடிந்தபின் ஏன் என்று மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் மனமுவந்து சொல்வார்கள். அவர்கள் உங்கள் கோழியின் இறக்கையை விரித்துக் காட்டும் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் பாடம் வேறெங்கும் கிடைக்காது.

வீடு திரும்பியதும் போய்வந்த பறவைகளை மூன்று, நான்கு வாரம் மற்றவற்றிலிருந்து பிரித்தே வையுங்கள், தீனி வைப்பதும் கடைசியாக அவற்றுக்கே. அந்த இடைவெளியில் ஒவ்வொரு வளர்ப்புப் பறவைக்கும் ஓர் அட்டை போடுங்கள்: கழுத்து, பின்முதுகு, இறக்கை, தொடை ஆகிய நாலு இடத்திலிருந்து ஒவ்வோர் இறகு ஒட்டி, சவ்வுத் துளை எண், சோடி, நடுவர் சொன்னது, கண்காட்சியில் பிடித்த இடம் எல்லாம் அதில் எழுதுங்கள். அடுத்த ஜனவரியில் சேவலைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் மகள்களின் அட்டைகளைப் பக்கத்தில் பரப்பி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.